புள்ளிப் பதிவேடா, கிழமைத் துண்டா, பக்கத்தில் இருத்திக் கேட்பதா, கணினியா? வன்னிப் பாடசாலைகளுக்கு எது பொருந்தும்

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிப் பதிவேடு நிரம்பும் நாட்களில் இளம் ஆசிரியர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி அனேகமாக ஒன்றுதான்: "ரீச்சர், இவ்வளவு புள்ளியும் கையில இருக்கு. இதை வைச்சு என்ன செய்யிறது?" கடைசியாகக் கேட்ட இருவரில் ஒருவர் துணுக்காய்ப் பக்கம், இரண்டு தரங்களை ஒரே அறையில் இருத்தி மொத்தம் பதினொரு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். மற்றவர் கிளிநொச்சி நகரத்தை அண்டிய பெரிய பாடசாலையில் தரம் 10 கணிதம் எடுக்கிறார். அவரிடம் மூன்று பிரிவுகள், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருவருக்காவது அது பிழையாகிவிடும்.

தரவு என்றதும் கணினியை நினைக்கத் தேவையில்லை. பிள்ளை பிழையாகச் செய்த கணக்கு, வராமல்விட்ட நாள், வாசிக்கும்போது தடக்குப்பட்ட சொல் எல்லாமே தரவுதான். அவற்றைத் திரட்ட எங்கள் பாடசாலைகளில் நடைமுறைக்குச் சரிவரக்கூடிய வழிகள் நான்கு. நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் பிழையாகவும் செய்திருக்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

முதலாவது, வேகம். பிள்ளைக்கு விளங்கவில்லை என்று தெரிந்த நாளுக்கும் அதைத் திரும்பப் படிப்பிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள்? எல்லாவற்றிலும் பெரிய அளவுகோலாக நான் இதைத்தான் வைக்கிறேன்.

இரண்டாவது, பிழையின் இடத்தைக் காட்டுமா என்பது. "கணிதம் 31" என்பதை வைத்து நாளைக்கு எதைப் படிப்பிப்பது என்று தீர்மானிக்க முடியாது. "வேறுபட்ட பகுதியெண் உள்ள பின்னங்களைக் கூட்டத் தெரியாது" என்றால் முடியும்.

மூன்றாவது, ஆசிரியரின் நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து விடிய பஸ் ஏறி வந்து, பின்னேரம் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆசிரியர்கள் எங்களிடையே நிறையப் பேர். அவர்களின் இரவுகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான்காவது வன்னிக்கு மிக முக்கியமானது: ஆசிரியர் மாறினாலும் தகவல் மிஞ்சுமா? கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகுத்த பாடசாலைகளில் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் வரும். பிள்ளை அங்கேயே இருக்கும், அவளைப் பற்றித் தெரிந்தவர் போய்விடுவார்.

ஐந்தாவது, பிள்ளையின் மானம். எடுக்கும் தகவலை யார் யார் பார்ப்பார்கள்?

இவற்றுக்கெல்லாம் முன்பு ஒரு நிபந்தனை உண்டு. நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளையையாவது திரும்பப் படிப்பிக்க ஒதுக்க முடியாவிட்டால் எந்தத் தரவையும் எடுக்க வேண்டாம். வருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுக்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

## வழி 1: தவணை விடைத்தாளை வினா வினாவாகப் பிரித்தல்

எப்படியும் திருத்தத்தான் போகிறோம். திருத்தும்போது பக்கத்தில் ஒரு பெரிய தாளை வைத்து, இடப்பக்கம் பிள்ளைகளின் இலக்கங்களையும் மேலே வினா இலக்கங்களையும் எழுதி, கட்டத்துக்குக் கட்டம் குறித்துக்கொண்டு போவதே இந்த வழி. சாதாரண தரக் கணிதத்தில் முதலாம் பத்திரத்தின் ஏ பகுதியில் 25 குறுவினாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய திறனைச் சோதிப்பதால் இந்த வேலைக்கு அவை நன்றாகப் பொருந்தும். 30 பிள்ளைகள் என்றால் 750 கட்டங்கள். எனக்கு இதற்கு இரண்டு இரவுகள் பிடிக்கும்.

சரி, பிழை என்று இரண்டு குறி மட்டும் போடாதீர்கள். "தொடவில்லை" என்று மூன்றாவது குறியும் வேண்டும். இரண்டாம் பத்திரத்தில் ஏ பகுதியின் 6 வினாக்களில் 5, பி பகுதியின் 6 வினாக்களில் 5 என்று பிள்ளைகளே தெரிவுசெய்கிறார்கள். கேத்திரகணித வினாவை வகுப்பு முழுவதும் தொடாமல் விட்டிருந்தால் சராசரியில் அது தெரியவே மாட்டாது. குறிவைத்த தாளில் அந்த நிரல் மேலிருந்து கீழ்வரை மூன்றாவது குறியாகவே கிடக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, வேகம் குறைவு. முதலாம் தவணையில் விளங்காமல் போனது தவணை முடிவில்தான் தெரியவரும். விடுமுறை கழிந்து வந்தால் அடுத்த அலகு காத்துக்கொண்டிருக்கும். இரண்டு, ஒரு தவணையின் சராசரியை அடுத்த தவணையோடு ஒப்பிடும் பழக்கம். 42 ஆக இருந்த சராசரி 47 ஆனால் சந்தோசப்படுகிறோம். வினாத்தாள் வேறு, அதன் கடினம் வேறு, பாடப்பரப்பும் வேறு. அந்த 5 புள்ளி பிள்ளைகளின் முன்னேற்றமா, வினாத்தாளின் இளக்கமா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் சித்தி வீதம் 8 கூடியது என்றால் கூடியது ஒரேயொரு பிள்ளை.

மூன்றாவதைத்தான் நான் மனம் நொந்து எழுதுகிறேன். புள்ளிப் பட்டியலைக் கையில் எடுத்ததும் கண் தானாக 28க்கும் 34க்கும் இடையே நிற்கும் பிள்ளைகளிடம் போகிறது. இவர்களை 35க்கு ஏற்றினால் சித்தி வீதம் கூடும். மாலை வகுப்பும் மேலதிகப் பயிற்சியும் இவர்களுக்கே போய்ச்சேர, 9 புள்ளி எடுத்த பிள்ளை பின் வாங்கில் அப்படியே இருந்துவிடுகிறாள். நானும் ஒரு வருடம் அப்படிச் செய்தேன். சித்தி வீதம் கூடியது, அதிபர் பாராட்டினார். 9 புள்ளி எடுத்தவள் அடுத்த வருடம் பாடசாலைக்கு வரவில்லை.

எப்போது நல்லது: சாதாரண தர வகுப்புகளுக்கும், ஒரே வினாத்தாளைப் பல பிரிவுகள் எழுதும் பெரிய பாடசாலைகளுக்கும். மூன்று பிரிவு ஆசிரியர்களும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவரின் வகுப்பு நன்றாகச் செய்த வினாவை மற்றவரின் வகுப்பு கோட்டைவிட்டிருப்பது தெரியும். அந்த அலகை எப்படிப் படிப்பித்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்கலாம். இரண்டாம் தவணைத் தாள்தான் இதற்கு ஏற்றது. மூன்றாம் தவணையோடு வருடம் முடிந்துவிடும்.

## வழி 2: கிழமைத் துண்டு

வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம். கரும்பலகையில் இரண்டோ மூன்றோ கணக்கு, அந்தக் கிழமை படிப்பித்ததிலிருந்து மட்டும். பழைய வினாத்தாளின் வெற்றுப் பக்கத்தை நாலாகக் கிழித்துக் கொடுக்கிறேன். 2022இல் கடதாசி விலை ஏறியபோது தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. வாங்கிய துண்டுகளைத் திருத்துவதில்லை, மூன்று குவியலாகப் பிரிப்பேன்: விளங்கியவர்கள், ஒரு படியில் பிழைத்தவர்கள், தொடங்கவே முடியாதவர்கள். 30 துண்டுக்குக் கால் மணித்தியாலம் போதும். பஸ்ஸில் இருந்துகொண்டே செய்யலாம்.

ஒருமுறை தரம் 7இல் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். நடுக் குவியலில் இருந்த பதினேழு துண்டுகளிலும் ஒரே விடை: ஐந்தில் இரண்டு. மேலேயிருந்த எண்களைக் கூட்டி, கீழேயிருந்த எண்களையும் கூட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை புத்தகத்தைத் திறக்காமலே, "அரைப் பாணோட இன்னும் ஒரு துண்டு சேர்த்தால் அரைப் பாணை விடக் கூடுமா குறையுமா?" என்று கேட்டேன். "கூடும்" என்றார்கள். ஐந்தில் இரண்டு அரையை விடக் குறைவு என்று படம் கீறிப் பார்த்ததும் வகுப்பில் எழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பிழையைத் தவணைப் பரீட்சையில் பிடித்திருந்தால் இரண்டு மாதம் போயிருக்கும்.

துண்டில் புள்ளி போடாதீர்கள். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளி மட்டும் பெற்றவர்களும், புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களும் அப்படி முன்னேறவில்லை. புள்ளியைக் கண்டவுடன் பிள்ளை குறிப்பை வாசிப்பதில்லை என்பதை நாங்களும் தினமும் பார்க்கிறோம். புள்ளி போடத் தொடங்கினால் இன்னொன்றும் நடக்கும்: பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவார்கள். பிறகு துண்டில் பொய்தான் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு: அன்றைக்கு வராத பிள்ளை துண்டிலும் இல்லை. வெள்ளிக்கிழமை வராத பிள்ளைகள்தான் பெரும்பாலும் எங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள். அதோடு, துண்டுகள் ஆசிரியரின் கைப்பையோடு போய்விடும். மூன்றாவது குவியலின் பெயர்களை மட்டுமாவது பாடக்குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு எழுதி வைத்தால் கொஞ்சம் மிஞ்சும்.

எப்போது நல்லது: தரம் 6 முதல் 9 வரை, கணிதம், விஞ்ஞானம், இலக்கணம் போன்று படிப்படியாக ஏறும் பாடங்களுக்கு. கட்டுரை எழுதும் திறனுக்கு இது சரிவராது.

## வழி 3: பக்கத்தில் இருத்திக் கேட்டல்

2010இல் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் தறப்பாள் கொட்டிலின் கீழ் வகுப்பு நடத்தினோம். வந்த பிள்ளைகளிடம் முன்னேற்ற அறிக்கை இல்லை, திரட்டுப் பதிவேடு இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் பாடசாலையின் இடாப்புகளே போய்விட்டன. வயதைக் கேட்டு ஒரு தரத்தில் இருத்தினோம். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா, இல்லையா? பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி, புத்தகத்தைக் கொடுத்து, "வாசி அம்மா" என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தரவு என்ற சொல்லை அப்போது நாங்கள் யாரும் பாவிக்கவில்லை. அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கேட்டல்தான்.

இதையே ஒழுங்குபடுத்திச் செய்யலாம். இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் வீடு வீடாகச் சென்று செய்யும் 'அசர்' கணிப்பில் வாசிப்புக்கு ஒரே தாள்தான்: எழுத்து, சொல், முதலாம் வகுப்பு மட்டத்தில் ஒரு பந்தி, இரண்டாம் வகுப்பு மட்டத்தில் ஒரு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் அதன் மட்டம். வயதையோ தரத்தையோ பாராமல், மட்டத்தின்படி பிள்ளைகளைக் குழுவாக்கித் தினமும் கொஞ்ச நேரம் படிப்பிப்பது அதன் அடுத்த படி. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் நடத்திய கள ஆய்வுகளில் இந்த முறை நல்ல பலன் காட்டியது. எங்கள் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களிடம் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளின் பட்டியல் ஏற்கெனவே இருப்பதால் புதிய படிவமும் தேவையில்லை.

கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம், 30 பிள்ளைக்கு 120 நிமிடம், அதாவது மூன்று பாடவேளை. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வேலை கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தைக்கடைதான். தவணைக்கு இருமுறைக்கு மேல் செய்ய முடியாது. பதினொரு பிள்ளைகள் உள்ள துணுக்காய்ப் பாடசாலைக்கோ ஒரு பாடவேளையும் ஐந்து நிமிடமும் போதும்.

இந்த வழி காட்டுவதை வேறெதுவும் காட்டாது. தரம் 8இல் ஒரு பையன். தவணைத் தாளில் பின்னக் கணக்கு எல்லாம் பிழை. "பின்னம் தெரியாது" என்று நானே குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் இருத்தி, அதே வினாவை வாசிக்கச் சொன்னேன். "ஒரு விவசாயி தனது காணியின் மூன்றில் இரண்டு பங்கில் நெல் விதைத்தார். எஞ்சிய பங்கின் அரைவாசியில் உழுந்து விதைத்தார். உழுந்து விதைத்த பங்கு யாது?" எழுத்துக்கூட்டி வாசித்தவன், 'எஞ்சிய'வில் நின்றான்.

"ரீச்சர், எஞ்சிய எண்டா என்ன?"

"மிச்சம் அப்பன்."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தகப்பனின் காணியை மனதில் கொண்டுவந்தவன்போல, "மூண்டிலை ரெண்டு நெல்லெண்டா மூண்டிலை ஒண்டு மிச்சம். அதிலை அரைவாசி... ஆறிலை ஒண்டு, ரீச்சர்" என்றான். பேனையைத் தொடவில்லை.

அவனுக்குப் பின்னம் தெரியும். பத்திரிகைத் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் வீட்டுக்கு வராத பிள்ளை அவன். நான் மூன்று மாதமாக அவனுக்குப் பின்னப் பயிற்சிதான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறைந்திருக்கும் செலவு: மற்றப் பிள்ளைகளின் காதில் விழும் தூரத்தில் இருத்தினால், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது அவமானம். தரம் 8, 9 பிள்ளைகள் அதற்குப் பிறகு வராமலே விட்டுவிடுவார்கள். மரநிழலில் கதிரை போடுங்கள். "உனக்கு வாசிக்கத் தெரியுமா எண்டு பாக்கிறன்" என்று தொடங்காமல், "இந்தக் கணக்கை எனக்கு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று தொடங்குங்கள்.

எப்போது நல்லது: ஆரம்பப் பிரிவு முழுவதற்கும்; சிறிய பாடசாலைகளுக்கும்; எந்தத் தரத்திலும் மிகக் குறைந்த புள்ளி எடுத்த ஐந்தாறு பிள்ளைகளுக்கும்.

## வழி 4: கணினிப் பதிவு

எக்செலோ கூகிள் ஷீற்றோ எதுவாக இருந்தாலும், ஒருமுறை ஒழுங்காக அமைத்தால் வருடக்கணக்கில் ஒரு பிள்ளையின் பாதையைப் பார்க்கலாம். கடதாசிக்கு இந்த ஆயுள் இல்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளில் கொப்பியும் புத்தகமும் நனைந்து போனது இன்னும் நினைவிருக்கும்.

ஆனால் கணினி வேகத்தைக் கூட்டுவதில்லை. கையால் குறித்ததை இன்னொருமுறை தட்டச்சு செய்கிறோம், அவ்வளவுதான். அந்த வேலையும் பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஒருவரின் தலையில் விழுகிறது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போகிறது. பென்டிரைவில் வைரஸ் புகுந்து மூன்று வருடப் புள்ளிகள் அழிந்ததையும் கண்டிருக்கிறேன்.

மானத்தைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் அதிகம் உடைகிறது. நான் முன்பு படிப்பித்த பாடசாலையொன்றில் தரம் 9இன் நிலைப்பட்டியலைப் படமெடுத்துப் பெற்றோரின் வட்சப் குழுவில் போட்டார்கள். கடைசி நிலையில் இருந்த பிள்ளையின் பெயரை அன்றிரவே ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது. அவளைத் திரும்பப் பாடசாலைக்குக் கூட்டிவர மூன்று முறை வீட்டுக்குப் போனேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிய தரவை விசேட வகைக்குள் சேர்த்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக்கூடாது.

எப்போது நல்லது: இருநூறுக்கு மேல் பிள்ளைகளும், பொறுப்பெடுக்க இரண்டு ஆசிரியர்களும், அதிபரின் கையில் கடவுச்சொல்லின் பிரதியும் இருந்தால்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | வினாப் பகுப்பு | கிழமைத் துண்டு | இருத்திக் கேட்டல் | கணினி |
|---|---|---|---|---|
| வேகம் | மாதங்கள் | மூன்று நாள் | அந்த இடத்திலேயே | தானாகக் கூட்டாது |
| பிழையின் இடம் | எந்த அலகு | எந்தப் படி | ஏன் பிழைத்தது | உள்ளே போட்டதுதான் |
| நேரம் (30 பிள்ளை) | இரண்டு இரவு | கால் மணித்தியாலம் | மூன்று பாடவேளை | பதிவு வேலை மேலதிகம் |
| ஆசிரியர் மாறினால் | தாள் இருந்தால் மிஞ்சும் | பெரும்பாலும் போய்விடும் | எழுதி வைத்தால் மிஞ்சும் | கடவுச்சொல் இருந்தால் மிஞ்சும் |
| மானத்துக்கு ஆபத்து | நடுத்தரம் | குறைவு | இடத்தைப் பொறுத்தது | அதிகம் |

## எதைத் தெரிந்தாலும் வரவு இடாப்பைப் பக்கத்தில் வையுங்கள்

ஒருமுறை தரம் 9இல் எட்டுப் பிள்ளைகள் அட்சரகணிதத்தில் ஒரேமாதிரி விழுந்திருந்தார்கள். பெப்ரவரி மாத இடாப்பைப் புரட்டினேன். எட்டில் ஆறு பேருக்கு ஒரே இரண்டு கிழமையில் சிவப்பு மையால் வட்டம். கால போக அறுவடை நேரம். இப்போது வெட்டுவதற்கு மெசின் வருகிறது, பிள்ளைகள் வயலில் இறங்குவதில்லை. ஆனால் றோட்டோரம் காயவிட்ட நெல்லுக்குக் காவல் வேண்டும், தாயும் வயலுக்குப் போனால் சின்னத் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும். சமன்பாடு அந்த இரண்டு கிழமைக்குள்தான் தொடங்கி முடிந்திருந்தது.

இவர்களை 'மெல்லக் கற்போர்' என்று எழுதியிருந்தால் அது பெரிய பிழையாகியிருக்கும். அவர்கள் கற்காமல் விடவில்லை, கற்பித்தபோது அங்கே இருக்கவில்லை. நான்கு பாடவேளை போதுமாக இருந்தது. அடுத்த வருடம் அந்த அலகை மாசி கழியும் வரை தள்ளி வைத்தேன். கடும் மழைக் காலத்துக்கும் யானை நடமாட்டம் கூடும் காலத்துக்கும் இதேபோல இடாப்பை ஒருமுறை பார்த்துவிட்டு அலகுகளை ஒழுங்குபடுத்தலாம்.

## கேட்ட இருவருக்கும் என் பதில்

துணுக்காய் ஆசிரியருக்கு: இருத்திக் கேட்டலும் இடாப்பும் மட்டும் போதும். பதினொரு பிள்ளைகளுக்குச் சதவீதம் போட வேண்டாம், பதினொரு பெயரையும் எழுதி ஒவ்வொன்றின் எதிரே ஒரு வரி எழுதுங்கள்.

கிளிநொச்சி ஆசிரியருக்கு: வருடம் முழுவதும் கிழமைத் துண்டு, இரண்டாம் தவணையில் மட்டும் வினாப் பகுப்பு. அதையும் மற்றப் பிரிவு ஆசிரியர்களோடு சேர்ந்து இருந்து செய்யுங்கள். துண்டில் மூன்றாவது குவியலில் மூன்று முறை விழுந்த பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். கணினியை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

இருவருக்கும் இன்னொன்று. இடமாற்றக் கடிதம் கையில் கிடைக்கும் நாளில் பிரியாவிடை, பெட்டி கட்டல் என்று ஆயிரம் வேலை வந்துவிடும். அதற்கு முந்தியே, வருட முடிவில், வகுப்புக்கு ஒரு பக்கம் எழுதி அதிபரிடம் கொடுத்து வையுங்கள். புள்ளி வேண்டாம். உறையை ஒட்டி, அடுத்து வரும் பாட ஆசிரியருக்கு என்று எழுதினால் போதும். அந்தத் தரம் 8 பையனுக்கு நான் எழுதி வைத்தது இதுதான்: "பின்னம் நன்றாகத் தெரியும். வாசிப்பு பந்தி மட்டத்தில். வினாவை ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். 'எஞ்சிய' என்று வந்தால் 'மிச்சம்' என்று சொல்லுங்கள், செய்துவிடுவான்."